கூட்டமும் வாடிக்கையும்: தில்லிச் சிறுகடைகளும் சமூக ஊடகமும்

2020 அக்டோபரில், தெற்குத் தில்லி மாளவியா நகரின் ‘பாபா கா தாபா’ என்ற சாலையோரச் சாப்பாட்டுக் கடையைப் பற்றிய காணொளி சமூக ஊடகங்களில் பரவியது. விற்பனையின்றி வாடிய முதிய கடைக்காரரின் கண்ணீரைப் பார்த்தவர்கள் மறுநாளே கடைமுன் திரண்டார்கள். நன்கொடை குவிந்தது. அந்த டிசம்பரில் அவரும் மனைவியும் தனியாக ஓர் உணவகம் திறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அதை மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார்கள். மாதச் செலவு ஏறத்தாழ 1 லட்சம் ரூபாய், விற்பனையோ 40,000 ரூபாயைத் தாண்டவில்லை என்று பின்னர் நாளேடுகள் எழுதின.

கோவிட் பெருந்தொற்றே காரணம் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தொற்றின் பங்கை மறுக்கவில்லை. ஆயினும் தில்லியில் இரண்டாம் அலை ஊரடங்கு 2021 ஏப்ரல் 19 இரவில்தான் தொடங்கியது. உணவகம் அதற்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. காணொளி கொண்டுவந்தது கூட்டம். உணவகம் நிலைக்கத் தேவைப்பட்டது வாடிக்கை. தமிழில் ‘வாடிக்கை’ என்றாலே வழக்கம். திரும்ப வருதல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இரக்கப்பட்டு வந்தவர் ஒருமுறை சாப்பிட்டுப் பணம் கொடுத்ததும் வந்த காரியம் முடிந்துவிடுகிறது. அவர் நகரத்தின் மறுகோடியில் குடியிருப்பவராகவும் இருக்கலாம்.

மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த மானிடவியலாளர் கிளிஃபர்டு கீர்ட்ஸ், 1978இல் வெளியிட்ட கட்டுரையில் வாடிக்கை ஏன் உருவாகிறது என்பதைத் தெளிவாக்குகிறார். சரக்கின் தரமும் விலையும் எவருக்கும் நிச்சயமாகத் தெரியாத சந்தையில், வாங்குபவர் குறிப்பிட்ட சில விற்பனையாளர்களிடமே மீண்டும் மீண்டும் போகிறார். தேடும் சிரமம் அதனால் குறைகிறது. அந்த உறவிலும் பேரம் உண்டு, சச்சரவு உண்டு. தில்லி மளிகைக் கடையின் ‘காத்தா’ என்னும் கடன் கணக்கு நோட்டும் இந்த வகைதான். யாருக்கு எவ்வளவு கடன், யார் மாதப் பிறப்பில் கணக்கைத் தீர்ப்பார், எந்த வீட்டுக்கு எந்த அரிசி என்பதெல்லாம் அதில் பாதியும் கடைக்காரர் நினைவில் பாதியுமாக இருக்கும்.

இந்த நினைவுக்குத் துணைசெய்யும் அளவுக்கே சமூக ஊடகம் சிறுகடைக்கு உதவும் என்பது என் வாதம். 2018 ஜனவரியில் அறிமுகமான ‘வாட்ஸ்அப் பிசினஸ்’ செயலியில் ஓர் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. ஒரே செய்தியை ஒரு பட்டியலில் 256 பேர் வரை அனுப்பலாம். ஆனால் கடைக்காரரின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கே அது போய்ச் சேரும். பெருநிறுவன விளம்பரதாரருக்கு இது தடை. கரோல் பாகில் துணிக்கடை வைத்திருப்பவருக்கோ இது ஓர் அளவுகோல்: தம் எண்ணுக்கு ஒரு பெயர் கொடுத்து வைத்துக்கொண்டவர் எத்தனை பேர் என்பதை அது காட்டிவிடுகிறது. உறவுக்கு இரு தரப்பின் இசைவும் வேண்டும் என்ற பழைய கடைவீதி நியதி இங்கே தொழில்நுட்ப விதியாகவே வந்துவிட்டது. முகமறியாத பத்தாயிரம் பேரின் விருப்பக்குறியைவிட இந்த 256 பேர் ஒரு கடைக்குப் பெரிய முதல் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். காத்தா நோட்டு கடைக்காரரின் சொத்து; செயலியோ, 2014இல் வாட்ஸ்அப்பை வாங்கிய, இப்போது மெட்டா எனப்படும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உடைமை. 2021 அக்டோபர் 4 இரவு அந்நிறுவனத்தின் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. பெயர்களையும் எண்களையும் பாக்கியையும் தாளில் எழுதி வைத்திருந்தவருக்கு அது ஓர் இரவுத் தடங்கல். எல்லாவற்றையும் செயலியின் உரையாடலிலேயே விட்டிருந்தவருக்கோ வாடிக்கையாளருடனான தொடர்பே அத்தனை நேரம் நின்றுபோனது.

கூட்டம் வேறு, வாடிக்கை வேறு என்பதால்தான் பின்தொடர்வோர் எண்ணிக்கையையும் பார்வை எண்ணிக்கையையும் சிறுகடையின் வெற்றியாகக் கணக்கிடுவதை ஏற்க முடியவில்லை. மாளவியா நகரில் நாம் எண்ணியிருக்க வேண்டியது, முதல் வாரத்தில் வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் நான்காம் வாரமும் வந்தார்கள் என்பதைத்தான்.