ஒஸ்லோவில் ஒரு கப்பல், வல்வையில் ஒரு கதை

ஒஸ்லோவுக்குப் போற எங்கட ஆக்கள் பிக்டோய் பக்கமும் போகவேணும். கோடையில் நகரசபைத் துறையிலிருந்து படகு. மற்றக் காலத்தில் 30ஆம் இலக்க பஸ். அங்கே அமுண்ட்சன் தென்துருவப் பயணத்துக்குக் கொண்டுபோன ‘ஃபிராம்’ நிக்குது. 1892இல் கட்டிய கப்பல். அதுக்கெண்டே 1936இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஏறித் தளத்திலயும் நடக்கலாம்.

இரண்டு வருஷம் கழித்து, 1938 ஆகஸ்டில், வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ எங்கட ஊர்க் கடலோடிகளோட அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வாங்கிய அமெரிக்கர் பெயரையும் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று மாற்றியிருந்தார். ஏறிப் பார்க்க இன்று அந்தக் கப்பல் இல்லை.

கட்டின மேத்திரிமார், ஓட்டின தண்டையல்மார் பற்றின கதைகள் இன்னும் வீடுகளில் இருக்கு. அதையாவது இப்பவே கேட்டு எழுதி வைப்போம்.