மலைக்கு எத்தனை மூட்டை? ஒரு சிமென்ட் கணக்கின் வரலாறு

பத்துக்குப் பத்து அறை. தரைக்கு 4 அங்குலக் கான்கிரீட் போடணும். எத்தனை மூட்டை வாங்கணும்? இணையத்தில் அமெரிக்கக் கணக்கைத் தேடினால் 56 மூட்டை என்று வரும். கொடைக்கானலில் ஒரு மேஸ்திரியைக் கேட்டால் ஆறு மூட்டை போதும் என்பார். இரண்டுமே சரிதான். வித்தியாசம் "மூட்டை" என்ற சொல்லில் இருக்கிறது.

அங்கே வீட்டு வேலைக்கு விற்பது சிமென்ட், மணல், ஜல்லி மூன்றும் கலந்து வரும் உலர் கான்கிரீட் மூட்டை. தண்ணீர் ஊற்றினால் போதும். 80 பவுண்டு மூட்டை ஒன்றில் 0.6 கன அடிதான் தேறும். நம் அறைக்கு வேண்டியது 33.3 கன அடி, ஆகவே 56. நம்ம ஊரில் மூட்டை என்றால் வெறும் சிமென்ட். மணலும் ஜல்லியும் தனி லோடு. இந்த ஆறு மூட்டைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரு நல்ல வரலாறு கிடைக்கிறது.

போர்ட்லாண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். ஆரம்பத்தில் அது மரப் பீப்பாயில் அடைத்துத்தான் கப்பலேறியது. அமெரிக்கப் பீப்பாய் ஒன்றில் 376 பவுண்டு. அதை நாலாகப் பிரித்தால் 94 பவுண்டுப் பை, கொள்ளளவில் சரியாக ஒரு கன அடி. 1:2:4 கலவை என்றால் ஒரு பை சிமென்ட், இரண்டு கன அடி மணல், நாலு கன அடி ஜல்லி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் போடக்கூடிய கணக்கு.

நமக்கு வந்தது ஆங்கிலேயரின் அந்தர் எடை. 112 பவுண்டு ஒரு மூட்டை, 20 மூட்டை ஒரு டன். மெட்ரிக் முறை வந்தபோது அது 50 கிலோ ஆயிற்று, 20 மூட்டை ஒரு டன் என்பது அப்படியே நின்றது. இதன் கொள்ளளவு சுமார் ஒன்றேகால் கன அடி. மணலையும் ஜல்லியையும் அளக்க ஒன்றேகால் கன அடிப் பெட்டி செய்து வைத்துக்கொள்வது இதனால்தான். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-கூட சாதாரணக் கலவைகளை 50 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்றுதான் சொல்கிறது. எம் 20 கலவைக்கு ஒரு மூட்டைக்கு மணல், ஜல்லி சேர்த்து 250 கிலோ, தண்ணீர் 30 லிட்டர்.

இனி மலைக்கு வருவோம். பழனி மலையின் மிகப் பழைய கட்டுமானங்கள், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இருக்கும் கல்திட்டைகள். பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியதோடு சரி. சாந்தே கிடையாது. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியபோது கதை மாறியது. மலையின் பாறை சார்னோகைட். சுவருக்கு அருமையான கல், ஆனால் சுட்டால் சுண்ணாம்பு வராது. கீழிருந்து வரவேண்டியதெல்லாம் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதையில் கூலியாட்களின் தலையில்தான் ஏறியது. மேஜர் லா பெயரில் வழங்கும் மலைச்சாலை 1870-களில் தொடங்கி, 1914-இல்தான் முடிந்தது.

நம்ம பத்துக்குப் பத்து தரையை அந்தப் பாதையில் ஏற்றிப் பாருங்கள். அந்தக் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ இரண்டேகால் டன். தலைக்கு 25 கிலோ என்று வைத்தாலும் 90 நடை. கல்லை மேலேயே உடைத்து, சாந்துக்கு வேண்டியதை மட்டும் கீழிருந்து கொண்டுபோனால்தான் கட்டும். ஆறு மூட்டை சிமென்ட் என்றால் 12 நடையில் முடிந்துவிடும். கலந்த மூட்டையைச் சுமப்பதைவிடச் சிமென்டை மட்டும் சுமப்பது மலைக்கு எவ்வளவு லாபம் என்பது இதில் தெரியும்.

சிமென்ட் நம் பக்கத்திலேயே கிடைக்கவும் நாளாயிற்று. 1904-இல் சென்னையில் கிளிஞ்சலை வைத்துச் செய்து பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தர். 1930-களில் கோவை மதுக்கரை. 1949-இல் தாழையூத்து. ஆலைகள் வந்த பிறகும் சிமென்ட் கட்டுப்பாட்டில் இருந்தது. பர்மிட் இல்லாமல் மூட்டை கிடைக்காது. 1982 பிப்ரவரியில் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது, 1989-இல் முழுதாக நீங்கியது. அந்தக் காலத்தில் எஸ்டிமேட் என்பது வெறும் கணக்கு இல்லை, ஒரு மனு. குறைத்துக் கேட்டால் வீடு பாதியில் நிற்கும். சிமென்ட் ஒதுக்கீட்டுப் புகாரில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவி இழந்ததும் 1982-இல்தான்.

இப்போது பர்மிட் இல்லை. ஆனால் மலை இருக்கிறது. கணக்கு இதுதான்: நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியில் பெருக்குங்கள். ஈரக் கான்கிரீட்டுக்கு உலர்ந்த சாமான் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக, 1.54 மடங்கு வேண்டும். ஜல்லி இடுக்குகளில் மணலும், மணல் இடுக்குகளில் சிமென்டும் புகுந்துவிடுவதால் இந்தக் கூடுதல். 1:2:4 என்றால் மொத்தம் ஏழு பங்கு, அதில் ஒன்று சிமென்ட். 100 கன அடிக்கு 18 மூட்டை. கூரைக்கு வேண்டிய 1:1½:3 என்றால் 23 மூட்டை.

சமவெளியில் இதோடு நிறுத்தலாம். சரிவில் வெட்டிய தரை மட்டமாக இருக்காது. பத்துக்குப் பத்தில் ஓர் அங்குலம் பள்ளம் என்றால் ஒன்றரை மூட்டை கூடுதல். பனியில் நனைந்த மணல் பொங்கும். அதே பெட்டியில் உண்மையான மணல் குறைவாகவும், எதிர்பாராத தண்ணீர் கூடவும் வரும். ஆகவே தண்ணீரைக் குறைத்து ஊற்றணும்.

ரொம்பக் கூட வாங்கினால், மூடுபனியில் மிச்ச மூட்டை கட்டிதட்டிப் போகும். குறைய வாங்கினால் அதைவிட மோசம். கூரை போடும் நாளில் மூட்டை தீர்ந்தால், அடுத்த லாரி வத்தலக்குண்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஏறி வரணும். அதற்குள் போட்ட கான்கிரீட் இறுகிவிடும். பழசும் புதுசும் சேரும் கோட்டில் அடுத்த ஐப்பசி மழை உள்ளே இறங்கும். தரைக்கு ஒரு மூட்டை குறைந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கூரைக்கு மட்டும் கணக்கில் வந்ததற்கு மேல் இரண்டு மூட்டை வாங்கி, பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி வையுங்கள்.