வீடுபேறு

இந்து சமயத்தில் உயிர் அடையத்தக்க முடிந்த பயன் வீடுபேறு. முத்தி, மோட்சம் எனவும் வழங்கும். பிறப்பும் இறப்பும் மாறிமாறி வரும் சுழற்சியிலிருந்து உயிர் விடுபடும் நிலை இது.

வேத காலத் தொடக்கத்தில் இந்தக் கருத்து இல்லை. இருக்கு வேதப் பாடல்கள் நீண்ட ஆயுளையும் மக்கட்பேற்றையும் ஆநிரையையும், இறந்தபின் முன்னோரோடு வாழும் வானுலகையுமே வேண்டின. வேள்வி செய்து பெற்ற வானுலகிலும் மறுபடி சாவு வருமோ என்ற அச்சம் பிராமண நூல்களில் தலைகாட்டுகிறது. அதற்கு விடை தேடியவை உபநிடதங்கள். பிருகதாரணியகத்தில் யாஞ்ஞவல்கியர் துறவு பூணுமுன் மனைவியருக்குச் சொத்தைப் பங்கிட முனைகிறார். சாவைக் கடக்க உதவாத செல்வத்தால் தனக்கு என்ன பயன் என்று கேட்கிறாள் மைத்ரேயி. வீடுபேற்றின் வரலாறு உண்மையில் அந்தக் கேள்வியில்தான் சூடுபிடிக்கிறது.

அறம், பொருள், இன்பம் என மூன்றாயிருந்த உறுதிப்பொருள்களோடு வீடு பின்னரே நான்காவதாகச் சேர்ந்தது. திருக்குறளிலும் அதற்குத் தனிப்பால் கிடையாது. மனமும் மொழியும் எட்டாத நிலையாதலால் துறவறத்தின் வழியே அது உணர்த்தப்பட்டது என்பார் அதன் உரையாசிரியர் பரிமேலழகர்.

விடுபட்ட உயிர் என்ன ஆகும்? தரிசனங்கள் எனப்படும் தத்துவப் பள்ளிகள் பிரிந்தது இங்கேதான். துன்பம் அறவே அற்ற நிலை என்றது நியாயம். உயிரும் பிரம்மமும் ஒன்றே என்று உணர்வதே வீடு, உடலோடு இருக்கும்போதே அது கைகூடும் என்றார் சங்கரர். இராமானுசர் இதை ஏற்கவில்லை. உடல் நீங்கியபின் வைகுந்தத்தில் திருமாலுக்குத் தொண்டு செய்து வாழ்வதே அவர் கண்ட வீடு. மத்துவரோ முத்தி பெற்றோர் நுகரும் இன்பத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு என்றார்.

சைவ சித்தாந்தத்தின் விடை இவற்றுள் மிக நுட்பமானது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் அதற்கு அடித்தளமிட்டார். ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலப் பிடியிலிருந்து நீங்கிச் சிவனோடு கலந்தாலும் உயிர் சிவமாகிவிடுவதில்லை, அழிந்துபோவதும் இல்லை. அடுத்த நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் இதற்கு இலக்கணத்திலிருந்தே உவமை எடுத்தார். தாளும் தலையும் புணர்ந்தால் தாடலை. கேட்க ஒரே சொல், பொருளோ இரண்டு. இறைவன் தாளில் அடியான் தலை பொருந்தும் காட்சியும் அதற்குள் அமைந்துவிடுகிறது.

மக்கள் வழக்கில் வாதங்களைவிடத் தலங்களே முன்நின்றன. தில்லையைத் தரிசிக்க, திருவாரூரில் பிறக்க, காசியில் இறக்க, அண்ணாமலையை நினைக்க முத்தி என்பது வழிவழி நம்பிக்கை. பக்தி மரபு வீட்டையே பின்னுக்குத் தள்ளியதும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், அன்பினால் கும்பிடுவது ஒன்றே போதும், வீடுபேறும் வேண்டாம் என்றிருந்தவர்களாகவே அடியார்களைப் போற்றுகிறார்.