செம்பு காத்த ஆலங்காடு

நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் மூன்றுக்கு உலோகத்தின் பெயர். சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளிச்சபை, திருநெல்வேலி தாமிரசபை. குற்றாலத்துக்குச் சித்திரம், திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையில், திருத்தணிக்குப் பக்கத்திலிருக்கும் திருவாலங்காட்டுக்கு இரத்தினம். பள்ளி வேதியியல் புத்தகத்தின் தனிம வரிசை அட்டவணையை எடுத்துப் பார்த்தால், அந்த மூன்று உலோகங்களும் பதினோராம் தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன: செம்பு 29, வெள்ளி 47, பொன் 79. சபைகளுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அணு எண் தெரியாது; மெந்தலீவ் தம் அட்டவணையை வெளியிட்டதே 1869இல்தான். ஆனாலும் மூன்றும் ஓர் இனம் என்பது தட்டானுக்கும் கன்னானுக்கும் கைப்பழக்கத்தில் தெரிந்திருந்தது. மூன்றும் அடித்தால் விரியும், இழுத்தால் கம்பியாகும், எளிதில் துருப்பிடித்து உதிராது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரத்தினத்தின் பெயரைத் தாங்கிய ஆலங்காட்டின் வரலாற்றைக் காப்பாற்றிக் கொடுத்தது இரத்தினம் அல்ல, நெல்லையின் உலோகமான செம்பு. அது தற்செயலாக நடக்கவில்லை, செம்பின் வேதியியலே அதைச் செய்தது என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

1905இல் திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேட்டுத் தொகுதியில் 31 ஏடுகள். அவற்றை வளையத்தில் கோத்து, சோழர் முத்திரை பதித்திருக்கிறார்கள். முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது 1018ஐ ஒட்டி, பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம் அது. தமிழ்ப் பகுதி கொடையின் நடைமுறையைப் பேச, வடமொழிப் பகுதி 271 செய்யுள்களில் சோழர் குலத்தின் கதையைச் சொல்கிறது. அருண்மொழி (பின்னாளைய இராசராசன்) அரியணையை ஏற்காமல் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்த செய்தி நமக்குக் கிடைத்தது இந்த ஏடுகளில்தான். கல்கி அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் பொன்னியின் செல்வனின் முடிவை அமைத்தார். எச். கிருஷ்ண சாஸ்திரி 1920இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் மூன்றாம் தொகுதியில் இதைப் பதிப்பித்தபோது, ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் எழுத்து படிக்கும் நிலையில் இருந்தது. அந்தக் காலத்து ஓலைகளில் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை.

எழுதப்படும் பொருள் உளிக்கு இடம் கொடுக்க வேண்டும். வெட்டி முடித்தபின் காலத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒரே பொருளில் சேர்வது அரிது. மாணிக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாணிக்கமும் நீலமும் அடிப்படையில் ஒரே அலுமினியம் ஆக்சைடுதான். கொஞ்சம் குரோமியம் சேர்ந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். அதில் அலுமினியம் நேர்மின் சுமையோடும் ஆக்சிஜன் எதிர்மின் சுமையோடும் தத்தம் இடத்தில் இறுகப் பிணைந்து கிடக்கின்றன. ஓங்கி அடித்து ஓர் அடுக்கை நகர்த்தினால் ஒத்த சுமைகள் எதிரெதிரே வந்து ஒன்றையொன்று தள்ளும், கல் பிளந்துபோகும். செம்பில் கதை வேறு. ஒவ்வோர் அணுவும் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், ஊர்ப் பொது நிலம்போல எல்லாருக்கும் விட்டுவிடுகிறது. அந்தப் பொது எலக்ட்ரான்கள்தான் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. உளி இறங்கும்போது அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும், பிணைப்பு அறுவதில்லை. அதனால்தான் செப்புத் தகட்டில் எழுத்தின் சுழியையும் கொம்பையும் உடையாமல் வெட்ட முடிகிறது. அடிக்க அடிக்கச் செம்பு விறைக்கும். அப்போது பழுக்கக் காய்ச்சி எடுத்தால் மறுபடி இளகிக் கொடுக்கும். இந்தப் பதம் அறிந்த கன்னானுக்கு உலோகப் பிணைப்பு என்ற பெயர் தெரியாவிட்டாலும் அதன் விளைவு விரல்நுனியில் இருந்தது.

அப்படியென்றால் இரும்பு? அதுவும் உலோகம்தானே, உருக்கு செய்வதில் தமிழகம் பேர்போன நாடாயிற்றே. இதற்குப் பதில் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கிறது. மயில்துத்தக் (செம்பு சல்பேட்) கரைசலில் ஓர் இரும்பு ஆணியைப் போட்டு வைத்தால், கொஞ்ச நேரத்தில் ஆணிமேல் செம்பு படியும், நீல நிறம் வெளுத்துக்கொண்டே போகும். இரும்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போக, செம்பு அவற்றை வாங்கிக்கொண்டு உலோகமாக வெளியே வருகிறது. எலக்ட்ரானை விட்டுக்கொடுக்க இரும்புக்கு இருக்கும் அவசரம் செம்புக்கு இல்லை. வினைத்திறன் வரிசையில் இரும்பு ஹைட்ரஜனுக்கு மேலே, செம்பு அதற்குக் கீழே. காற்றும் ஈரமும் சேரும் இடத்தில் இரும்பின் துரு பஞ்சுபோல் உப்பி, செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளே புது இரும்பைத் திறந்துவிடும். செம்பின்மேல் முதலில் செம்பழுப்பான ஆக்சைடு படியும்; பிறகு கரியமில வாயுவும் ஈரமும் சேர்ந்து பச்சை கார்பனேட் ஆகும். அந்தப் படலம் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு அரிப்பை மட்டுப்படுத்தும். சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை தேடியபோது செம்பில் களிம்பையே எடுத்தது. செம்பு இருக்கும் நாள் முதலே களிம்பும் உண்டு என்பது அதன் வாதம். வேதியியல் இதை ஒப்பாது, களிம்பு காற்றிலிருந்து வருவது. ஆனால் களிம்பு வெறும் அழுக்கு என்ற எண்ணமும் தவறு. திருவாலங்காட்டு ஏடுகள் போன்றவற்றில் எழுத்துக்குக் காவல் இருப்பதே அந்தப் படலம்தான்.

செம்பின் வேதியியலே காரணம் என்பதை மறுப்பவர்கள் சொல்லக்கூடியது ஒன்று. செப்பேடு சோழர் கண்டுபிடிப்பு அல்ல. பல்லவர்கள் பிராகிருதத்தில் எழுதிய காலத்திலேயே செப்பேட்டில் கொடை எழுதினார்கள். வழிவழியாக வந்த வழக்கத்தை இராசேந்திரனின் அலுவலர்கள் பின்பற்றினார்கள், இதில் பொருளறிவு எங்கே வந்தது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், அரசனுக்கு வேதியியல் தெரிந்திருந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு வழக்கம் பல நூற்றாண்டுகள் அரசு மாறியும் மொழி மாறியும் நின்றதென்றால், அது பலன் தந்ததால்தான் நின்றது. கொடை சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்க வேண்டும் என்று எழுதியவர்கள், அந்தக் கணக்குக்கு ஓலை போதாது என்று கண்டிருந்தார்கள். கல் போதும். ஆனால் கோயில் சுவரைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்குக்குப் போக முடியாது. கல்வெட்டு ஊருக்கு அறிவிப்பு. செப்பேடு உரியவர் கையில் இருக்கும் பத்திரம்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. நிலைப்பதில் பொன் செம்பைவிட மேல். வேதியியல்தான் காரணம் என்றால் பொன்னேடுகள் அல்லவா மிஞ்சியிருக்க வேண்டும்? தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் கொடுத்த பொற்கலங்களையும் நகைகளையும் எடையோடு கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். இன்று அவற்றைக் கல்வெட்டில் மட்டுமே பார்க்க முடிகிறது. பொன்னைக் காற்று அரிக்காது, மனிதன் விடமாட்டான். செம்பும் 1085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால் எத்தனையோ ஏடுகள் பாத்திரமாகப் போயிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. எனவே வாதத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். இரும்பைப் போல் இயற்கைக்கு இரையாகாமலும், பொன்னைப் போல் திருடனுக்கு முதல் இரையாகாமலும் இருக்கிற நடுநிலை செம்புக்கு உண்டு. மண்ணுக்குள் புதைந்தால் அந்த நடுநிலை இன்னும் உதவும். விழுப்புரம் பக்கம் எசாலத்தில் 1987இல் கோயில் திருப்பணியின்போது, அதே இராசேந்திரனின் செப்பேடுகள் வெண்கலப் படிமங்களோடு பூமிக்கடியிலிருந்து எழுத்தோடு வந்தன.

ஆனால் செம்புக்கும் ஓர் எமன் உண்டு, அதன் பெயர் குளோரைடு. ஆலங்காட்டின் நடராசர் படிமம் இப்போது சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதென் புகைப்படம் பார்த்தே மயங்கி 1913இல் கட்டுரை எழுதியது அதையும் வேளாங்கண்ணி நடராசரையும் பற்றித்தான். ஐம்பொன் என்று நாம் சொன்னாலும், இத்தகைய சோழர் படிமங்களில் பெரும்பங்கு செம்பு, கூடவே வெள்ளீயமும் காரீயமும். பொன்னும் வெள்ளியும் பெயரளவுக்குத்தான் என்று பகுப்பாய்வுகள் காட்டியிருக்கின்றன. இத்தகைய வெண்கலத்துக்குள் மண்ணிலிருந்தோ, கை வேர்வையிலிருந்தோ உப்பு புகுந்தால் செம்பு குளோரைடு உண்டாகும். அது ஈரத்தையும் ஆக்சிஜனையும் சந்திக்கும்போது வெளிர்பச்சைத் தூளாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அமிலத்தின் குளோரைடு ஆக்சிஜன் துணையோடு மேலும் செம்பை அரித்துப் புதிய செம்பு குளோரைடை உண்டாக்கும். வினை தன்னைத்தானே நடத்திக்கொள்ளும். படிமம் புள்ளி புள்ளியாகப் பொடியும். இதைத் தடுக்கத்தான் சென்னை அருங்காட்சியகம் 1930இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. எஸ். பரமசிவன் அங்கே மின்னாற்பகுப்பு முறையில் வெண்கலங்களைச் சீர்செய்தார். மயில்துத்தக் கரைசலில் ஆணி செய்வது போலவே இங்கும் எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துச் செம்பை உலோகமாக்குவதுதான் வேலை, எலக்ட்ரான் மட்டும் மின்கலத்திலிருந்து வருகிறது.

ஆகவே திருப்பணிக்கோ கிணற்றுக்கோ தோண்டும்போது பச்சை பூத்த தகடு எதுவும் அகப்பட்டால், தயவுசெய்து புளி போட்டு விளக்காதீர்கள். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும்போது அதில் பதிந்த எழுத்தின் ஓரமும் சேர்ந்து கரையும். சாம்பல், செங்கல் தூள் எதையும் தேய்க்க வேண்டாம். தண்ணீரில்கூட ஊறவைக்க வேண்டாம். ஈரம் படாமல் துணியில் பொதிந்து வைத்து மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அப்படித் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமையும்கூட.