ஒளி என்னும் துலாக்கோல்

சிங்கப்பூரின் மேற்கிலுள்ள பூன் லே, சியூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயரைத் தாங்கிய ஊர். அடுக்குமாடி வீடுகள் நிறைந்த அவ்வட்டாரத்தில் ஒருகாலத்தில் அவருடைய காம்பியர்த் தோட்டமும், பின்னர் ரப்பர்த் தோட்டமும் இருந்தன. ரப்பர்த் தோட்டங்களில் நாள்தோறும் எழுந்த வினா ஒன்றுண்டு: வாளியிலுள்ள பாலில் ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு? பால் வெட்டுவோரின் கூலி பல தோட்டங்களில் அவ்விடையையே பொறுத்திருந்தது.

அதனை அறிய மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இடுவர். ரப்பர் நீரினும் இலேசானது. ஆதலின் ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ அமிழும். ஆயினும் பாலின் வெப்பம் மாறினாலும் அவ்வளவு மாறும். காரணம் இரண்டு, சான்று ஒன்று எனின் தீர்ப்பு எங்ஙனம் நேராகும்?

ஒளியை அளவுகோலாகக் கொண்டோர்க்கும் இவ்விடர் நேர்ந்தது. பிரான்சு நாட்டுப் பூகே 1729இலும், லாம்பர்ட் 1760இலும், ஒளி ஒரு பொருளின் ஊடே செல்லச் செல்லக் குறையும் முறையை வகுத்தனர். கரைசலின் செறிவுக்கும் அக்குறைவுக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானியரான பீர் 1852இல் காட்டினார். ஆனால் இரு பொருள்கள் கலந்திருப்பின் ஒரு நிற ஒளி போதாது. ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு நிறங்களை வெவ்வேறு அளவில் விழுங்கும். எனவே அறிய வேண்டிய பொருள்கள் எத்தனையோ, குறைந்தது அத்தனை அலைநீளங்கள் வேண்டும். 1974இல் ஜப்பானியரான அவோயாகி வெளியிட்ட, குருதியின் ஆக்சிஜனைக் காணும் முறைக்கும் இதுவே அடிப்படை. விரலில் மாட்டும் கருவி செவ்வொளி, அகச்சிவப்பொளி என்னும் இரண்டனையும் செலுத்தி, ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபினையும் ஏற்காததையும் பிரித்தறிகிறது.

மற்றொரு வழியைத் திறந்தவர்கள் தமிழர் இருவர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமனும், வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில், ஒரு நிற ஒளி பொருளிற் பட்டுச் சிதறுங்கால் புதிய நிறங்களும் தோன்றுவதைக் கண்டனர். அந்நிறங்கள் இன்ன பொருள் என்பதையும், அவற்றின் வலிமை இவ்வளவு என்பதையும் உணர்த்தும். முதலில் அவர்கள் கையாண்டது ஞாயிற்றின் ஒளியே. பின்னர்ப் பாதரச விளக்கு. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஆயினும் அக்கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையில் கிருஷ்ணனின் பெயரும் உடன் நின்றது.

சிதறிய அவ்வொளி மிக மெலிது. ஆதலின் அது எளிய அளவுமுறையாகப் பரவவில்லை. 1960இல் மெய்மன் அமைத்த லேசரே வலிய, ஒரே நிறத் தூய ஒளியைத் தந்தது. அதன் பின்னரே மருந்துச் சாலைகளிலும் வேதித் தொழிற்சாலைகளிலும் பொருளைத் தொடாமலே செறிவை அளத்தல் கைகூடிற்று.

இன்று பூன் லேயை அடுத்த நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் லேசர் ஆய்வுகள் நடைபெறுகின்றன. மாணவர்க்கு இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் கருவியின் பெயரோடு நில்லாது, அதன் நெறியையும் உணர்த்துதல் நன்று: ஐயம் இரண்டாயின் சான்றும் இரண்டு வேண்டும்.