தமனி ரத்தம் படித்த கதை

நெய்வேலியில் நர்ஸாக இருந்தவள் நான். மூச்சுத் திணறி வருபவரின் மணிக்கட்டில் தமனி ரத்தம் எடுத்ததும் முதலில் பி.ஹெச். பார்ப்போம்: 7.35க்குக் கீழே என்றால் அமிலம். பிறகுதான் கார்பன் டை ஆக்சைடு, பைகார்பனேட்.

இந்தப் படிப்பு 1952இல் கோபன்ஹேகனில் பரவிய போலியோவின்போது சூடுபிடித்தது. பைகார்பனேட் ஏறியதைக் கண்டு, ரத்தத்தில் காரம் மிகுந்துவிட்டது என்றே டாக்டர்கள் நினைத்தார்கள். வெளியேறாத கார்பன் டை ஆக்சைடுதான் காரணம் என்றார் மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சன். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துப் பை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். இயந்திரமில்லை, வெறும் கைகள்!



எங்களிடம் வந்த, பீடி குடித்தே நுரையீரல் கெட்ட பெரியவர்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு 60 இருக்கும்; பி.ஹெச். ஏறக்குறைய சரியாகவே நிற்கும். சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேர்த்து ஈடுகட்டியிருக்கும்.