நாயகம் திரையில் வராத படம்

காலேஜ் ஹாஸ்டலில், ஒரு ரம்ஜான் மாதத்தில் நண்பன் கொண்டுவந்த சிடியில்தான் 'தி மெசேஜ்' படத்தை முதலில் பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "நபி எப்படா வருவாரு?" என்று கேட்டேன். "வந்துட்டாருடா. இப்ப எல்லாரும் அவரைப் பார்த்துதான் பேசிட்டிருக்காங்க" என்றான். திரையில் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்!

நபிகள் நாயகத்தை உருவமாகக் காட்டக்கூடாது என்பதால் அவர் முகமும் இல்லை, குரலும் இல்லை. சில காட்சிகளில் கேமராவே அவர் இடத்தில் நிற்கிறது. நெருங்கிய குடும்பத்தாருக்கும் இதே விதிதான். பத்ருப் போரில் அலியின் இரட்டை முனை வாள் மட்டும் தெரியும். உருவம் விஷயத்தில் இஸ்லாத்துக்கு இருக்கும் கண்டிப்பை எனக்குப் புரியவைத்தது இதுதான். புத்தகம் படித்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். இஸ்லாத்தை முதலில் ஏற்றவர் கதீஜா. நபியின் மனைவி என்பதால் அவரும் திரையில் இல்லை. சுமையா வருகிறார், சீக்கிரமே கொல்லப்படுகிறார். கடைசியில் மனதில் நிற்கும் பெண், எதிரணியில் இருக்கும் ஹிந்த்! இந்தப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் ஆரம்பகால முஸ்லிம் பெண்களைப் பற்றித் தப்புக் கணக்குப் போட நிறைய வாய்ப்பிருக்கிறது.

இயக்குநர் முஸ்தபா அக்காத், சிரியாவின் அலெப்போவில் பிறந்து அமெரிக்கா போனவர். படத்தை ஆங்கிலத்திலும் அரபியிலும் தனித்தனி நடிகர்களை வைத்து எடுத்தார். ஹம்ஸாவாக ஆங்கிலத்தில் ஆன்டனி குவின், அரபியில் அப்துல்லா கைத். மொராக்கோவில் தொடங்கிய ஷூட்டிங், சவூதியின் எதிர்ப்பால் நின்றுபோய், கடாஃபி தயவில் லிபியாவில் முடிந்தது. படம் வெளியானது 1976இல்.

அடுத்த வருடம் மார்ச்சில், வாஷிங்டனில் ஒரு ஹனஃபி முஸ்லிம் குழு மூன்று கட்டிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணையாகப் பிடித்தது. தன் குடும்பத்தைக் கொன்றவர்களை ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் குழுத் தலைவரின் முக்கியக் கோரிக்கை. கூடவே, இந்தப் படத்தையும் நிறுத்தச் சொன்னார். குவின்தான் நபியாக நடிக்கிறார் என்று அப்போது ஒரு வதந்தி உலவியது. கோடைத் திறந்தே பார்க்காமல் ரிவ்யூ கமென்ட் போடுகிறவர்களை எங்கள் தொழிலிலும் பார்க்கலாம். ஆனால் இங்கே துப்பாக்கி இருந்தது. ஓர் இளம் வானொலி நிருபர் செத்துப்போனார்.

அக்காத்தின் முடிவு இன்னும் கொடுமை. 2005 நவம்பரில் ஜோர்டான் தலைநகர் அம்மான் ஹோட்டல்களில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் அவரும் மகளும் இறந்தார்கள். பொறுப்பேற்றது ஈராக்கின் அல்-காய்தா. சிலுவைப் போர்க்கால சுல்தான் சலாவுதீன் பற்றி ஒரு படம் எடுக்கும் திட்டத்தில் இருந்தார் அக்காத்.

முடிந்தால் அரபி வடிவத்தைப் பாருங்கள். குறிப்பாக, தொழுகைக்கு எப்படி அழைப்பது, மணியா, கொம்பா என்று மதீனாவில் பேசிக்கொண்டிருக்கும் காட்சி. கடைசியில், அடிமையாக இருந்த பிலாலை மேலே ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் தெருப் பள்ளிவாசலில் தினமும் கேட்ட பாங்கு அது. அதன் கதையை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.